முதலில் முள்ளைக் கேளுங்கள்

பிரிட்டனில் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்ததும் வீடுகளில் ஹீட்டிங் ஓடத் தொடங்கும். கூடவே ஒரு கேள்வியும் கிளம்பும்: பாய்லருக்குக் கீழே ஈரமாக இருக்கிறதே, லீக்கா? கேட்பவருக்கு வேண்டியது ஓர் இடம். எந்த மூட்டு, எந்த வால்வு, எந்த ரேடியேட்டர் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்கிறார். பார்க்க வருபவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஈரத்தைச் சுற்றியே தேடுகிறார். ஆனால் ஈரம் தெரிகிற இடத்தைப் போல நம்ப முடியாத சாட்சி வேறில்லை. தண்ணீர் குழாயின் அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய், குழாய் வளைகிற இடத்தில்தான் சொட்டும். மாடியில் கசிந்தது கீழ்வீட்டுக் கூரையின் விளக்குத் துளையில் எட்டிப்பார்க்கும். என்னைக் கேட்டால், நம்பிக் கேட்கக்கூடிய சாட்சிகள் இரண்டே இரண்டு: ஈரம் எந்த நேரத்தில் வருகிறது என்பது ஒன்று, பாய்லரின் முகப்பில் இருக்கும் பிரஷர் முள் மற்றொன்று. இவை இரண்டையும் ஒரு வாரம் கேட்டுவிட்டால், முக்கால்வாசி வீடுகளில் டார்ச்சுக்கே வேலை இருக்காது.

முதலில், அந்த வீட்டுக்குள் என்னென்ன தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்போம். ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர் ஒன்று. அது அடைபட்ட தண்ணீர், குழாயில் பிடித்துக் குடிக்கிற தண்ணீரோடு அதற்குத் தொடர்பு கிடையாது. பாய்லருக்குள் வாயு எரிவதால் புதிதாகப் பிறக்கும் தண்ணீர் இன்னொன்று. மூன்றாவது, வீட்டுக் காற்றில் ஆவியாகத் திரிந்து, குளிர்ந்த பரப்பைக் கண்டதும் படிகிற தண்ணீர். கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பதும் இதனால்தான். தெருவிலிருந்து வரும் மெயின்ஸ் தண்ணீரும் மழையும் தனி. தரையில் சொட்டிக் கிடக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வருகிற நேரம் வேறு. முள்ளை அசைக்கக்கூடியது இவற்றில் முதலாவது மட்டும்தான்.

அந்த முள் என்ன சொல்கிறது? இன்று பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் இருப்பது காம்பி பாய்லரும் மூடிய சுற்றும். பாய்லர் அணைந்து எல்லாம் ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். இது அரை பார் இறங்கினால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று கணக்குப் போட முடியும். பாய்லருக்குள் எக்ஸ்பான்ஷன் வெஸல் என்று ஓர் இரும்புக் கலன் உண்டு. பெரும்பாலும் 8 லிட்டர் கொள்ளளவு. நடுவே ரப்பர் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் சுற்றின் தண்ணீர். காற்று சரியாக நிரம்பியிருக்கும் கலனில், 1.5-லிருந்து 1 பாருக்கு முள் இறங்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வெளியேற வேண்டும். இதை வைத்து இரண்டு பக்கமும் யோசிக்கலாம். சமையலறைச் சுவரில் தினமும் ஒரு லிட்டர் ஈரம் ஊறுகிறது, முள்ளோ ஒரு வாரமாக 1.4-இல் அசையாமல் நிற்கிறது என்றால், அந்த ஈரம் ஹீட்டிங் தண்ணீராக இருக்கவே முடியாது. மழையோ, குளியலறையோ, காற்றின் ஆவியோ, வேறு எதுவோ. தரையைப் பெயர்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் ஹீட்டிங் சுற்றுக்கு இந்த நற்சான்று கொடுத்துவிடலாம்.

மறுபக்கத்தில் ஓர் ஆட்சேபம் வரும். "முள் மாதாமாதம் இறங்குகிறது, ஆனால் வீடு முழுக்கத் தடவிப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு ஈரம் இல்லை. லீக் இருந்தால் தெரியாதா?" தெரியாது. மாதத்துக்கு ஒன்றரை லிட்டர் என்பது நாளொன்றுக்கு 50 மில்லி, மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். அதுவும் 60 டிகிரியில் இருக்கும் ரேடியேட்டர் வால்வின் கழுத்தில் கசிந்தால், திரண்டு சொட்டுவதற்கு முன்பே காய்ந்துவிடும். அங்கே தேட வேண்டியது அதன் தடத்தை: பித்தளை மூட்டில் பச்சைப் பூச்சு, வெள்ளை உப்புப் படிவு, இரும்பு ரேடியேட்டரின் அடியில் துருக்கோடு. இங்கேதான் நேரம் என்ற சாட்சி கைகொடுக்கும். உலோகம் சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். சில மூட்டுகள் சூடாக இருக்கும்போது இறுகி அடைத்துக்கொள்ளும், விடியற்காலையில் எல்லாம் ஆறியபிறகுதான் கசியும். பகல் பதினொரு மணிக்கு ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து பார்த்துவிட்டு எதுவுமில்லை என்று சொல்லிப் போகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த நேரம் அப்படி. காலை ஆறு மணிக்கு, ஹீட்டிங் தொடங்குமுன், ஒவ்வொரு வால்வின் கழுத்தையும் காய்ந்த டிஷ்யூ தாளால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பது ஒரு பைசா செலவில்லாத சோதனை.

குழாய் எங்கும் ஓட்டையே இல்லாமலும் முள் இறங்கும் என்பதுதான் இந்த விஷயத்தில் மிகச் சுவையான இடம், மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. 10 டிகிரி தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு 2.2 சதவீதம் கூடும். மூன்று படுக்கையறை வீடு ஒன்றின் சுற்றில் 100 லிட்டர் இருப்பதாக வையுங்கள். ஒவ்வொரு முறை ஹீட்டிங் ஓடும்போதும் 2 லிட்டருக்கு மேல் இடம் தேடும். அந்த இடத்தைக் கொடுப்பதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் வெஸலில் காற்று. வருடங்கள் போகப் போக அந்தக் காற்று மெல்ல இறங்கிவிடும், அல்லது ரப்பர் திரை கிழிந்துபோகும். அப்போது விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முள் 1.2-லிருந்து விறுவிறுவென ஏறி 3 பாரைத் தொடும். 3 பாரில் திறக்கும்படி ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு, பிரஷர் ரிலீஃப் வால்வு. அது திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் வழியே தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டும். இரவு எல்லாம் ஆறும். விரிந்தது சுருங்கும், வெளியே போனது திரும்பாது. காலையில் முள் பூஜ்யத்தில் கிடக்கும். வீட்டுக்காரர் "லீக்" என்று முடிவுகட்டி, சுற்றுக்குத் தண்ணீர் நிரப்பும் ஃபில்லிங் லூப்பைத் திறந்து 1.5 வரை ஏற்றுவார். அன்று மாலை மறுபடி 3 பார், மறுபடி தோட்டம். இதில் இன்னொரு வினையும் சேரும்: ஒருமுறை திறந்த ரிலீஃப் வால்வின் வாயில் துரு மணல் சிக்கிவிட்டால் அது பிறகு சரியாக மூடாது. வெஸலை மட்டும் சரிசெய்துவிட்டு வால்வை விட்டுவிட்டால், உண்மையாகவே ஒரு கசிவு பாக்கி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஆறிய நிலையில் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஹீட்டிங் ஓடியபின் ஒருமுறை, முள்ளைப் படம் எடுத்து வையுங்கள். 1.2 என்பது 1.6-க்கோ 1.8-க்கோ போனால் வெஸல் வேலை செய்கிறது. 2.8-ஐத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தால் குற்றவாளி அகப்பட்டான். வெளிக்குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு, மறுநாள் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் சாட்சியம் இன்னும் கெட்டி. இன்னொரு நுணுக்கம்: வெஸலில் காற்று இல்லாவிட்டால் முள் இறங்க ஒன்றரை லிட்டர் தேவையில்லை, கொஞ்சம் தண்ணீர் போனாலே தடாலென்று விழும். எனவே முள் வேகமாக விழுவதை மட்டும் வைத்துப் பெரிய ஓட்டை என்று பயப்படவும் வேண்டாம்.

"இறங்கினால் ஏற்றிக்கொண்டால் போச்சு, அரை நிமிட வேலைதானே" என்பது அடுத்த ஆட்சேபம். இது மிகப் பரவலானது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும்கூட. சுற்றில் இருக்கும் பழைய தண்ணீர் தன்னிடமிருந்த ஆக்ஸிஜனை எப்போதோ இரும்புக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. அதனால் அதற்குள் துரு மேலும் வளர்வது அரிது. நீங்கள் வாராவாரம் ஊற்றும் புதுத் தண்ணீர் புது ஆக்ஸிஜனோடு வருகிறது. கூடவே, துருவைத் தடுக்கப் போட்டிருக்கும் இன்ஹிபிட்டர் திரவமும் கசிவோடு வெளியேறி நீர்த்துப்போகிறது. விளைவு, ரேடியேட்டரின் அடியில் கறுப்புச் சகதியாக மேக்னடைட் படிகிறது. பம்ப்பும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் அடைபடுகின்றன. ஆக, கசிவை ஈடுகட்டப் போய் அடுத்த கசிவுக்கு விதை போடுகிறோம். வருடத்தில் ஓரிரு முறை ஏற்றுவது சாதாரணம். மாதாமாதம் ஏற்ற வேண்டியிருந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். டப்பாவில் விற்கும் லீக் சீலர் திரவத்தை ஊற்றிவிடலாமே என்பாரும் உண்டு. குழாய் மூட்டில் இருக்கும் மெல்லிய கசிவை அது அடைக்கக்கூடும். வெஸலுக்கும் ரிலீஃப் வால்வுக்கும் அது மருந்தே இல்லை. நோய் இன்னதென்று தெரியாமல் ஊற்றினால் என்ன பலன்?

வெஸலும் சரி, வெளிக்குழாயும் காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் வீட்டை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதன் அடியில் ஹீட்டிங் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் இருக்கும் இரண்டு வால்வுகளை இரவில் மூடிவைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான பாய்லர்களில் முள் பாய்லரின் பக்கம் இருக்கும். காலையில் அது இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். அப்படியே நின்று, வால்வைத் திறந்ததும் விழுந்தால் கசிவு வீட்டுக் குழாய்களில். பாய்லருக்குள் என்றால், உள்ளே ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டு, கசியும் தண்ணீர் வாயு எரிவதால் பிறக்கும் நீரோடு சேர்ந்து அதன் வடிகுழாயிலேயே போய்விடுவதும் உண்டு. அப்போது வீட்டில் எங்குமே ஈரம் தெரியாது. அதை உறுதிசெய்ய பாய்லரின் உறையைத் திறக்க வேண்டும். அது கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக் குழாய்களில் என்றால், கான்கிரீட் தரைக்குள் புதைத்த செப்புக் குழாய்கள்தாம் முதல் சந்தேகத்துக்குரியவை. சிமென்ட் நேரடியாகப் பட்டு அரித்திருக்கலாம். அங்கே வெப்பக் கேமரா உதவும். பழைய வீடுகளில் பரணில் சின்னத் தொட்டி வைத்த திறந்த சுற்று இருக்கும்; அதற்கு முள்ளே கிடையாது. மிதவை வால்வைக் கட்டிப்போட்டுவிட்டு இரவில் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதே அங்கே முள்ளுக்கு ஈடு.

இனி, முள் அசையாமல் நிற்க, பாய்லருக்கு அடியில் மட்டும் குட்டை கட்டுகிற வீடுகளுக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் போக, கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. மீத்தேன் எரியும்போது கார்பன் டையாக்ஸைடும் தண்ணீரும் பிறக்கும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர், ஆவியாக. பழைய பாய்லர் அந்த ஆவியைப் புகைபோக்கியில் விட்டுவிடும். புதியது அதைக் குளிர்வித்து, அது தண்ணீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். கடுங்குளிர் நாளில் ஆறு கன மீட்டர் எரிக்கும் வீட்டில், பாதி ஆவி படிந்தாலும் நாலைந்து லிட்டர் தண்ணீர் தினமும் பிளாஸ்டிக் வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். அந்தக் குழாயின் ட்ராப்பில் அடைப்பு வந்தாலோ மூட்டு தளர்ந்தாலோ அத்தனையும் சமையலறையில்தான். இது பாய்லர் எரியும்போது மட்டும் சொட்டும், அணைத்தால் நிற்கும், முள்ளைத் தொடவே தொடாது. சந்தேகம் இருந்தால் லிட்மஸ் தாள் தீர்த்துவைக்கும்: இந்த நீர் அமிலம், பி.எச். 3-க்கும் 5-க்கும் இடையில். 2010 டிசம்பர் குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான பாய்லர்கள் நின்றுபோனதற்குக் காரணம், வெளிச்சுவரில் ஓடிய மெல்லிய வடிகுழாய்களில் இந்த நீர் உறைந்துபோனதுதான். பாய்லர் கடகடவென்று கொப்பளித்துவிட்டு நின்றால், குழாய்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாலே பல சமயம் உயிர் வந்துவிடும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும்.

காற்றில் இருந்து படிகிற நீருக்கு ஓர் எளிய விதி உண்டு. அது குளிர்ந்த பரப்பில்தான் படியும். சூடான குழாயில் படியாது. ஹீட்டிங் குழாய் சூடாக இருக்கும்போது அதில் ஈரம் என்றால் அது வியர்வை இல்லை, கசிவு. பாய்லருக்கு அடியில் இருக்கும் குழாய்களில் மெயின்ஸ் தண்ணீர் வரும் குழாய் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அது 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். 20 டிகிரி சூடும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள சமையலறைக் காற்றுக்குப் பனிநிலை 12 டிகிரி. சோறு கொதிக்கிறது, மாடியில் ஒருவர் குளிக்கிறார், குளிர்ந்த தண்ணீர் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வியர்த்துச் சொட்டாமல் என்ன செய்யும்? துடைத்துவிட்டு நுரைக் காப்பு உறையைச் சுற்றுங்கள். சொட்டுவது நின்றால் விஷயம் அத்தோடு முடிந்தது.

"முள்ளை எப்படி நம்புவது, அது மலிவான கருவிதானே?" என்ற ஆட்சேபம் நியாயமானது. பழைய முள் சிக்கி நிற்பதும் உண்டு. அதனால்தான் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஆறிய நிலையில், ஒரு வாரம் எடுத்த எண்களை ஒப்பிடும்போது, முள் 0.2 கூடுதலாகக் காட்டினாலும் கவலையில்லை. அது நகர்கிறதா என்பதே கேள்வி. சூடு ஏறும்போது துளிகூட அசையாத முள் செத்த முள், அதை முதலில் மாற்றுங்கள்.

சுவரிலும் ஜன்னலிலும் படியும் ஈரம்தான் சண்டைக்குரியது. 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் ஆவி வரை தாங்கும்; 10 டிகிரியில் ஒன்பது கிராமுக்குச் சற்று மேல்தான். காலையும் மாலையும் அரை மணி நேரம் மட்டும் ஹீட்டிங் போட்டால் காற்று சூடாகும், சுவர் ஆகாது. சூடான காற்று ஈரத்தைச் சுமந்து அலமாரிக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுவரில் இறக்கி வைக்கும். இதில் ஒரு கொடுமையான முரண்: 2022-இல் எரிசக்திக் கட்டணம் எகிறியபோது, பாய்லரை அணைத்துவிட்டு பியூட்டேன் சிலிண்டர் ஹீட்டரை வைத்துக்கொண்டால், 15 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 23 லிட்டர் தண்ணீரைப் புகைபோக்கி இல்லாமல் நேரே அறைக்குள் விட்டிருக்கும்.

இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, எல்லாம் குடியிருப்பவர் வாழும் முறையால்தான்" என்று சொல்ல வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். அந்த வாதத்தின் விலை பிரிட்டனுக்குத் தெரியும். ராச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சைக்கு நீண்டகாலம் ஆட்பட்டதால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. தந்தை 2017-இலேயே முறையிட்டபோது கிடைத்த அறிவுரை, மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பது. குடும்பம் குளிக்கும், சமைக்கும் முறை பற்றிய ஊகங்கள் காற்றோட்டம் சரியில்லாத வீட்டைப் பார்க்கவிடாமல் செய்தன. சமைப்பதும் குளிப்பதும் துணி உலர்த்துவதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. அவற்றின் ஈரத்தை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் இருக்கிறதா, சுவருக்குக் காப்பு இருக்கிறதா, ஹீட்டிங் ஒழுங்காக ஓடுகிறதா என்பவை கட்டடம் சார்ந்த கேள்விகள்.

இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த வேறுபாடு கடிதத்திலும் வேலைக்கு வரும். 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர் குடியிருப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி ஹீட்டிங் சாதனங்களைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. இறங்கும் முள்ளின் ஒரு வாரப் படங்கள் அதற்குப் போதுமான தொடக்கம். ஆனால் முள் அசையாமல் சுவர் மட்டும் நனைந்தால் எதுவும் பழுதாகவில்லை, கட்டடமே அப்படி என்று 11-ஆம் பிரிவிலிருந்து நழுவ முடியும். அப்போது எடுக்க வேண்டியது, 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்னும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம்; அதற்குப் பழுது என்ற நிபந்தனை இல்லை. சமூக வீட்டுவசதியில் இருப்பவருக்கு 2025 அக்டோபர் 27 முதல் அவாப் சட்டமும் உண்டு: கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிய முறையீட்டை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முறையீட்டோடு, காலை ஆறு மணி முள்ளின் படங்களையும் ஒரு மலிவான ஈரப்பதமானி காட்டிய எண்களையும் தேதி போட்டு இணைத்துவிடுங்கள்.